ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தமனி அடைத்தால்

காலையில் நன்றாக நடந்தவருக்கு மதியத்துக்குள் ஒரு கால் மரத்துச் சில்லிட்டுப் போய், பாதத்தில் நாடி தட்டவில்லை என்றால், தமனியில் ரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கித் துடிப்பு ஒழுங்கு தப்பியவர்கள், மாரடைப்புக்குப் பின் இதய அறைக்குள் கட்டி உருவானவர்கள், நெடுநாள் புகைப்பழக்கத்தால் கால் தமனி குறுகியவர்கள் ஆகியோருக்கு இது வரக்கூடியது. நோயாளி வேம்பாரிலிருந்து வந்தாலும் பெரியதாழையிலிருந்து வந்தாலும், முதலில் சேரும் மருத்துவமனையில் அவருக்குப் போடப்படும் முதல் ஊசி பெரும்பாலும் ஹெப்பாரின். அதில் தவறேதும் இல்லை. கட்டி மேலும் நீளாமல் தடுக்க அதைவிட வேகமாக வேலை செய்கிற, எல்லா இடத்திலும் கிடைக்கிற மருந்து வேறில்லை. ஆனால் மிகச் சிலரின் உடலில் இதே மருந்து புதிய கட்டிகளை உண்டாக்கத் தொடங்கிவிடும். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது. வார்டில் நிற்கும் இளம் மருத்துவருக்கும் செவிலியருக்கும், கட்டிலருகே இருக்கும் குடும்பத்தாருக்கும் இதில் சொல்ல வருவது ஒன்றுதான்: ஹெப்பாரின் பெறும் ஒருவருக்கு ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) பாதியாகக் குறைந்தால், ரத்தம் கசியப் போகிறது என்று பயப்படுவதற்கு முன் அடுத்த தமனி அடைக்கப் போகிறது என்று பயப்பட வேண்டும். ரத்தப் பரிசோதனை உறுதி செய்யட்டும் என்று காத்திராமல் ஹெப்பாரினை நிறுத்தி, அதோடு சேர்த்தே வேறு வகை உறைவெதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும்.

ஹெப்பாரின் நூறாண்டு கடந்த மருந்து. 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மாணவர் ஆய்வு செய்யும்போது கண்ணில் பட்டது. இன்று பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. அதன் மறுபக்கம் தெரியவர நாற்பது ஆண்டுகள் ஆயின. 1958-இல் வைஸ்மன், டோபின் என்ற இரண்டு மருத்துவர்கள், ஹெப்பாரின் பெற்றுக்கொண்டிருக்கும்போதே தமனிகள் அடைத்துக்கொண்ட 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1973-இல்தான் இதோடு தட்டணுக் குறைவும் சேர்ந்தே வருகிறது, இதற்குப் பின்னால் உடலின் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்பது விளங்கியது. நடப்பது இதுதான்: தட்டணுக்களிலிருந்து வெளிவரும் ‘பிளேட்லெட் ஃபேக்டர் 4’ என்ற புரதம் ஹெப்பாரினோடு ஒட்டிக்கொள்கிறது. சிலரின் உடல் அந்தக் கூட்டுப்பொருளை அந்நியமாகக் கருதி ஆன்டிபாடி உண்டாக்குகிறது. அந்த ஆன்டிபாடி தட்டணுவின் மேலேயே போய்ப் பற்றி, அதைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உறைவைக் கிளப்பும் பொருட்களை ரத்தத்தில் கொட்டுகின்றன. ஆக, எண்ணிக்கை குறைவது தட்டணுக்கள் அழிந்ததால் மட்டுமல்ல, அவை கட்டி கட்டுவதில் செலவாவதாலும்தான். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘ஹிட்’ என்பார்கள். ஊசி போட்ட இடத்தில் அரிப்பு, தடிப்பு வருவது போன்ற சாதாரண ஒவ்வாமையிலிருந்து இது அடியோடு வேறு.

நம் பகுதியில் இதைப் புரிந்துகொள்ளத் தடையாக நிற்பது டெங்கு. மழைக்காலம் வந்தால் தூத்துக்குடியில் பிளேட்லெட் என்ற சொல் எல்லா வீட்டிலும் புழங்குகிறது. எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் குடும்பமே பதறுகிறது. பப்பாளி இலைச் சாறு தேடுகிறார்கள், தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரை நெருக்குகிறார்கள். தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும், ஏற்றினால் சரியாகும் என்ற கணக்கு மனதில் ஊறிவிட்டது. டெங்குவிலேயே அந்தக் கணக்கு முழுக்கச் சரியில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஹிட் நோயில் அது நேர் எதிராகிவிடுகிறது. இதில் எண்ணிக்கை பெரும்பாலும் 50,000, 60,000 அளவில் நின்றுவிடும். 20,000-க்குக் கீழே போவது அரிது. தானாக ரத்தம் கசிவதும் அரிது. மாறாக, கால் சிரையிலும் நுரையீரலிலும் கால் தமனியிலும் மூளையிலும் கட்டி உருவாகும். வழக்கமாகத் தமனி அடைப்பு என்றால் மாரடைப்பும் பக்கவாதமும்தான் முன்னால் நிற்கும். ஹிட் நோயிலோ கை கால் தமனிகள் அடைபடுவதே முதலிடம் பிடிக்கிறது. ஏற்கெனவே கால் தமனி அடைத்து வந்தவருக்கு மறுகாலும் அடைத்தால் அதைப் பழைய நோயின் தொடர்ச்சி என்று எண்ணி ஹெப்பாரின் அளவைக் கூட்டுவது எளிதில் நேரக்கூடிய தவறு. இந்த நிலையில் தட்டணு ஏற்றுவது, தூண்டிவிடும் ஆன்டிபாடிக்குப் புதிய தட்டணுக்களைக் கொடுப்பதாகவே முடியும். அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வில், ஹிட் நோயின்போது தட்டணு ஏற்றப்பட்டவர்களிடம் தமனி அடைப்பும் இறப்பும் கூடுதலாக இருந்தன. உடல்நிலை மோசமானவர்களுக்கே தட்டணு ஏற்றப்பட்டிருக்கலாம் என்பதால் அந்த ஆய்வு மட்டுமே தீர்ப்பு ஆகாது. ஆனாலும் ரத்தக்கசிவு இல்லாதவருக்கு, பெரிய அறுவை எதுவும் காத்திராதவருக்கு, எண்ணிக்கையை உயர்த்துவதற்காக மட்டும் தட்டணு ஏற்ற வேண்டாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல்.

சந்தேகப்படுவது எப்போது? எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட எவ்வளவு இறங்கியது, எந்த நாளில் இறங்கியது என்பவைதான் துப்பு. சேர்ந்த அன்று 3,20,000 இருந்த தட்டணு ஏழாம் நாள் 1,50,000 ஆனால், ஆய்வகச் சீட்டில் அது இயல்பான எண்ணாகத்தான் அச்சாகும். சிவப்பு எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருக்காது. ஆனால் பாதிக்கு மேல் போய்விட்டது. ஹெப்பாரின் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இப்படி இறங்கினால் மணி அடிக்க வேண்டும். முதல் நான்கு நாட்களில் இறங்கினால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். ஆனால் கடந்த 100 நாட்களுக்குள், குறிப்பாகக் கடைசி 30 நாட்களுக்குள், ஆஞ்சியோ, ஸ்டென்ட், டயாலிசிஸ், அறுவை என்று எதற்காகவாவது ஹெப்பாரின் உடலில் போயிருந்தால் ஒரே நாளிலும் இறங்கலாம். மருத்துவர்கள் இதற்கு நான்கு கேள்விகள் கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுகிறார்கள்: எவ்வளவு குறைந்தது, எந்த நாளில் குறைந்தது, புதிய கட்டி வந்ததா, குறைவுக்கு வேறு காரணம் உண்டா. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்குக் கீழே என்றால் ஹிட் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம். 4, 5 நடுத்தரச் சந்தேகம். 6 முதல் 8 வரை வலுவான சந்தேகம். வேறு காரணம் என்ற நான்காவது கேள்விதான் நம் ஊரில் கடினம். காய்ச்சலோடு வந்து, ரத்தம் கெட்டிப்பட்டு, எண்ணிக்கை 15,000-க்கு விழுந்தால் டெங்குவை நினையுங்கள். ஆஞ்சியோ அறையில் டைரோஃபிபான் போட்ட சில மணி நேரத்திலேயே விழுந்தால் அந்த மருந்தை நினையுங்கள். கிருமி ரத்தத்தில் பரவியிருந்தாலும் குறையும். இவை எதுவும் இல்லாமல் ஆறாம் நாள், ஏழாம் நாள் பாதியாகக் குறைந்தால் ஹெப்பாரினைத் தவிர வேறு யாரைச் சந்தேகிப்பது?

இந்தக் கணக்கு எங்கே தொலைகிறது என்றால், பரிந்துரைச் சீட்டில். திருச்செந்தூரிலோ விளாத்திகுளத்திலோ முதல் ஊசி, அங்கிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து திருநெல்வேலியோ மதுரையோ என்று ஒரு நோயாளி மூன்று இடம் மாறுவது இங்கே சாதாரணம். ஒவ்வொரு இடத்திலும் புதிய கேஸ் ஷீட், புதிய நாள் எண். மூன்றாவது மருத்துவமனையில் ‘இரண்டாம் நாள்’ என்று எழுதப்படுவது ஹெப்பாரின் கணக்கில் ஏழாம் நாளாக இருக்கும். அனுப்பும் சீட்டில் ‘ஹெப்பாரின் கொடுக்கப்பட்டது’ என்று எழுதினால் போதாது; முதல் ஊசி எந்தத் தேதியில், அன்று தட்டணு எவ்வளவு என்று இரண்டு எண்களை எழுத வேண்டும். அறுவைக்குப் பின் சாதாரண ஹெப்பாரின் பெறுபவருக்கு நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, மருந்து தொடரும் மட்டும், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தட்டணு எண்ணுவது வழக்கமாக வேண்டும். எளிய ரத்த அணு எண்ணிக்கைதான் அது. கோவில்பட்டியிலும் செய்யலாம், சாத்தான்குளத்திலும் செய்யலாம். விலையுயர்ந்த எந்தப் பரிசோதனையைவிடவும் உயிர் காக்க உதவுவது இந்த எண்ணிக்கைதான் என்பது என் உறுதியான கருத்து.

சந்தேகம் 4 மதிப்பெண்ணைத் தொட்டதும் ஹெப்பாரினை நிறுத்த வேண்டும். நிறுத்துவது என்றால் முழுதாக நிறுத்துவது. ட்ரிப்பில் ஏறும் பெரிய அளவை நிறுத்திவிட்டு, கையில் குத்தியிருக்கும் கேனுலா அடைக்காமலிருக்க ஆறு மணிக்கொருமுறை ஹெப்பாரின் கலந்த நீரைச் செலுத்திக்கொண்டிருந்தால் நிறுத்தியதாகவே ஆகாது. அந்தச் சிறு அளவு போதும், ஆன்டிபாடிக்கு. செவிலியரின் தட்டில் ஏற்கெனவே இழுத்து வைத்த சிரிஞ்ச் இருக்கும், அதை எடுத்து எறிந்துவிட்டு வெறும் சலைன் வைக்க வேண்டும். தமனியில் பொருத்திய அழுத்தமானியின் பை, டயாலிசிஸ் குழாய், ஹெப்பாரின் பூசிய கதீட்டர் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டிலும் கேஸ் ஷீட்டின் முன்பக்கத்திலும் ‘ஹெப்பாரின் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டுவது நல்லது, ஏனென்றால் இரவுப் பணிக்கு வருபவருக்குப் பகலில் நடந்தது தெரியாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஹெப்பாரினை நிறுத்தி எனாக்ஸாபரினுக்கு மாற்றுவது மாற்று அல்ல. எனாக்ஸாபரின் ஹெப்பாரினின் சிறு துண்டுதான். அதனால் ஹிட் வருவது குறைவு என்பது உண்மை. 1995-இல் வெளியான ஆய்வில், இடுப்பு மூட்டு அறுவை முடிந்த 665 பேரில், சாதாரண ஹெப்பாரின் பெற்றவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கு இந்த நோய் வந்தது, எனாக்ஸாபரின் பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. ஆகவே தொடக்கத்திலேயே அதைத் தேர்ந்தெடுப்பது நியாயம். ஆன்டிபாடி உருவான பிறகு அதற்குத் தாவுவது ஆபத்து, ஏனென்றால் அதே ஆன்டிபாடி இதையும் பற்றிக்கொள்ளும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தட்டணு 55,000 இருக்கும் ஒருவருக்கு ஹெப்பாரினை நிறுத்தியதே பெரிய காரியம், எண்ணிக்கை ஏறும் வரை சும்மா விட்டால் என்ன, இன்னொரு உறைவெதிர்ப்பு மருந்து கொடுத்து மூளையில் ரத்தம் கசிந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். இதற்கு 1996-இலேயே பதில் வந்துவிட்டது. கனடாவைச் சேர்ந்த வார்கென்டினும் கெல்டனும், தட்டணுக் குறைவு மட்டும் இருந்து கட்டி எதுவும் வராத 62 ஹிட் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஹெப்பாரினை நிறுத்தினால் போதும் என்று விடப்பட்டவர்களையும் சேர்த்து, ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கட்டி வந்தது. மருந்து நின்றாலும் ஆன்டிபாடி நிற்பதில்லை என்பதே காரணம். முதல் சில நாட்கள்தான் மிகக் கொடியவை. பாதிப் பேருக்கு வரும் அடைப்பை ஒரு தட்டிலும், சிலருக்கு நேரக்கூடிய ரத்தக்கசிவை மறு தட்டிலும் வைத்தால் எது கனம் என்பதில் ஐயமில்லை. ஏற்கெனவே தமனி அடைத்து வந்தவருக்கு இந்த வாதம் இன்னும் வலுவானது. அவருக்கு உறைவெதிர்ப்பு மருந்து இல்லாமல் போகும் ஒவ்வொரு மணி நேரமும் கால் கறுப்பதற்கான நேரம்.

எந்த மருந்து என்றால், கால் போகும் நிலையிலோ உயிருக்கு ஆபத்தான நிலையிலோ இருப்பவருக்கு ஆர்கட்ரோபான் அல்லது பைவலிருடின். 2018-இல் அமெரிக்க ரத்தவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. இரண்டும் உறைவின் மையப் பொருளான திராம்பினை நேரடியாக மடக்குகின்றன. ஹெப்பாரினோடு எந்த உறவும் இல்லாதவை. நிறுத்திய சில மணி நேரத்தில் உடலை விட்டு நீங்குபவை. திடீரென்று அறுவைக்குக் கொண்டுபோக வேண்டியவருக்கு இந்தக் குறுகிய ஆயுள் பெரிய வசதி. ஆர்கட்ரோபான் நிமிடத்துக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 7.2 மில்லிகிராம், மில்லி லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று கரைத்தால் பம்பில் 7.2 என்று வைக்கலாம். இரண்டு மணி நேரம் கழித்து ஏ.பி.டி.டி. என்ற உறைவு நேரச் சோதனை பார்த்து, தொடக்க எண்ணைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்குக்குள், 100 விநாடியைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். இது கல்லீரல் வழியாக வெளியேறுவதால், குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கு 0.5 மைக்ரோகிராமில்தான் தொடங்க வேண்டும். இதயம் தளர்ந்தவர்களுக்கும் குறைத்தே. பைவலிருடினின் மூலம் அட்டை. அட்டையின் உமிழ்நீர் ரத்தத்தை உறையவிடாது என்று 1884-இல் ஹேகிராஃப்ட் கண்டார். அதிலிருந்த ஹிருடின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து இது ஆய்வகத்தில் செய்யப்பட்டது. நம் சித்த மருத்துவத்தில் அட்டை விடுவது நெடுங்கால வழக்கம் என்பதால் சிலர் அடைத்த காலில் அட்டை விட நினைக்கலாம். தோலில் கடிக்கும் அட்டை ஆழத்தில் அடைத்த தமனியைத் திறக்காது, நேரம்தான் போகும்.

இந்த இரண்டும் எல்லா மருந்தகத்திலும் கிடைப்பவை அல்ல, பம்பும் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டும், விலையும் அதிகம் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். அதனால்தான் மாவட்ட அளவில் ஃபோண்டாபரினக்ஸ் முக்கியமாகிறது. நாளுக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. 50 கிலோவுக்குக் கீழே 5 மில்லிகிராம், 50 முதல் 100 கிலோ வரை 7.5, அதற்கு மேல் 10. பம்பு வேண்டாம், ஏ.பி.டி.டி. வேண்டாம். ஹிட் நோய்க்கென்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட மருந்தல்ல என்றாலும், பல நாடுகளின் அனுபவத்தை வைத்து 2018 வழிகாட்டுதல் இதை ஏற்கிறது. மாத்திரையாகச் சாப்பிட ரிவராக்ஸபான் இருக்கிறது. கட்டி வந்தவருக்கு 15 மில்லிகிராம் இரண்டு வேளை மூன்று வாரம், பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை. ஹிட் நோயாளிகளில் இதைப் பெற்ற 46 பேரின் விவரங்களை 2017-இல் தொகுத்தபோது ஒருவருக்குத்தான் புதிய கட்டி வந்தது. இந்தியாவில் இதன் காப்புரிமை 2020-இன் இறுதியில் முடிந்தபிறகு பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன, விலையும் இறங்கிவிட்டது. ஆகவே, ஆர்கட்ரோபான் இல்லை, மதுரைக்கு அனுப்பினால்தான் கிடைக்கும் என்ற நிலையில், வெறும் சலைனோடு ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்குப் பதில், சேரப்போகும் மருத்துவமனையோடு பேசி ஃபோண்டாபரினக்ஸ் போட்டு அனுப்புவதே பெரும்பாலும் சரி. அதன் விளைவு ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும், அதை முறிக்கும் மருந்தும் இல்லை என்பதால், உடனே அறுவை நடக்கப் போகிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபோண்டாபரினக்ஸ் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. இது நம் கரையில் சாதாரண எச்சரிக்கை அல்ல. உப்பள வேலை வெயிலின் உச்சத்தில் நடப்பது. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர். தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரிடம் நடத்திய, 2023-இல் வெளியான ஆய்வில் 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. அவர்களில் பலருக்கு வெளியே அறிகுறி எதுவும் இருக்காது. கால் தமனி அடைத்து ரத்த ஓட்டம் நின்ற தசை சிதைந்தாலும் சிறுநீரகம் கெடும். ஆகவே ஊசி போடுவதற்கு முன் கிரியேட்டினின் பார்த்து, வயதையும் எடையையும் வைத்து வடிகட்டும் திறனைக் கணக்கிட வேண்டும். அது நிமிடத்துக்கு 30 மில்லி லிட்டருக்குக் கீழே இருந்தால் ஃபோண்டாபரினக்ஸ் கூடாது, ஆர்கட்ரோபான்தான் வழி. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் அதுவே.

பரிசோதனையைப் பற்றிய மறுப்பும் உண்டு. ஆன்டிபாடிச் சோதனை செய்யாமல் ஒரு நோயை எப்படி முடிவு செய்வது? சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பத்தான் வேண்டும், முடிவு ‘இல்லை’ என்று வந்தால் ஹிட் அநேகமாக இல்லை என்று ஹெப்பாரினுக்குத் திரும்பலாம். ஆனால் எலைசா முறையில் ‘இருக்கிறது’ என்று வருவது எப்போதும் நோய் என்று பொருள்படாது; நோய் வராத பலரிடமும், குறிப்பாக இதய அறுவை ஆனவர்களிடம், இந்த ஆன்டிபாடி தென்படும். தட்டணுவை உண்மையில் தூண்டுகிறதா என்று பார்க்கும் சோதனை மிகச் சில ஆய்வகங்களில் மட்டுமே நடக்கிறது. ஆக, முடிவு வந்தாலும் மருத்துவரின் மதிப்பீடு தேவைப்படுகிறது. அந்த மதிப்பீட்டை முதல் நாளே செய்வதில் என்ன தடை? மறுபக்கம், மதிப்பெண் 3 அல்லது அதற்குக் கீழே இருப்பவருக்குப் பயந்து ஹெப்பாரினை நிறுத்துவதும் தவறுதான். அவருக்கு அது தேவையான மருந்து.

அடைத்த காலுக்கு மருந்து மட்டும் போதாத நேரம் வரும். உணர்வு குறைந்து, விரல்களை அசைக்க முடியாமல் போனால் ஆறு மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்தாக வேண்டும். 1963-இல் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் குழாய் இன்றும் இதற்குப் பயன்படுகிறது. தொடை இடுக்கில் சிறு கீறல் வழியாகக் குழாயைக் கட்டிக்கு அப்பால் செலுத்தி, நுனியில் பலூனை ஊதி, மெதுவாக இழுத்தால் கட்டி வெளியே வரும். வழக்கமான கட்டி கருஞ்சிவப்பாக, கல்லீரல் துண்டு போல இருக்கும். ஹிட் நோயில் வெளிவருவது பெரும்பாலும் வெளிறிய, சாம்பல் கலந்த வெள்ளைக் கட்டி, ஏனென்றால் அதில் இருப்பது முக்கியமாகத் தட்டணுக்கள். அதைப் பார்க்கும் அறுவை மருத்துவர் அந்த இடத்திலேயே ‘இன்றைய தட்டணு எவ்வளவு?’ என்று கேட்டால், சந்தேகம் வராத நோயாளியிடமும் நோய் பிடிபடும். தமனியைக் கழுவ ஹெப்பாரின் கலந்த சலைன் ஒரு துளியும் கூடாது; வெறும் சலைன். அறுவையின்போதும் ஆர்கட்ரோபானோ பைவலிருடினோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது இல்லாமல் எடுத்த கட்டி சில மணி நேரத்தில் திரும்ப உருவாகும்.

வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரைகளில் ஒரு பொறி இருக்கிறது. இவை உறைவைத் தூண்டும் பொருட்களைக் குறைப்பதற்கு முன், உறைவைத் தடுக்கும் புரோட்டீன் சி என்ற பொருளைக் குறைத்துவிடும். சாதாரண நேரத்தில் இதனால் பெரிய தீங்கில்லை. ஹிட் கொதிக்கும் நேரத்தில் இவற்றைத் தொடங்கினால் சிரைகளின் மிக நுண்ணிய கிளைகள் வரை அடைத்து, பாதத்தில் நாடி நன்றாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் நீலமாகிக் கறுக்கும். பார்ப்பவர்கள் தமனிதான் மறுபடி அடைத்தது என்று நினைப்பார்கள், ஐ.என்.ஆர். என்ற உறைவுச் சோதனை எண்ணைப் பார்த்தால் 4-க்கு மேல் நிற்கும். அதனால் தட்டணு 1,50,000-ஐத் தொடும் வரை இந்த மாத்திரைகள் கூடாது. நோய் பிடிபடும்போது ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்தி வைட்டமின் கே கொடுக்க வேண்டும். பிறகு தொடங்கும்போதும் சிறிய அளவில், பழைய மருந்தோடு குறைந்தது ஐந்து நாள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆர்கட்ரோபான் தானே ஐ.என்.ஆர். எண்ணை உயர்த்திக் காட்டும் என்பதால், எண் 4-ஐத் தாண்டியபின் அதைச் சில மணி நேரம் நிறுத்திப் பார்த்துத்தான் உண்மை அளவை அறிய முடியும். இவ்வளவு சிக்கல் எதற்கு, ரிவராக்ஸபானிலேயே இருந்துவிடலாமே என்றால், பலருக்கு அது சரி. ஆனால் வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கித் துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்கு அது சரியல்ல. ஏறத்தாழ 4,500 பேரைக் கொண்டு 24 நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இத்தகைய நோயாளிகளுக்கு ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்துகளே உயிர் காப்பதில் முந்தின. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் அப்படியே. நம் கரையில் தமனி அடைத்து வருபவர்களில் வால்வு நோயாளிகள் கணிசம் என்பதால், தட்டணு தேறியபின் அசிட்ரோமுக்கு மாறும் அந்த ஒரு வாரத்தை மருத்துவமனையிலேயே கழிப்பது நல்லது.

கட்டி வந்தவருக்கு மருந்து மூன்று முதல் ஆறு மாதம். வால்வு நோய் போன்ற நிரந்தரக் காரணம் இருந்தால் அதற்கும் மேல். ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை வயிறு நிறையச் சாப்பிட்டதோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும், இல்லையென்றால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் உடலில் சேரும். விடியும் முன் வெறும் தேநீரோடு விசைப்படகில் ஏறுபவர் காலை மாத்திரையை அப்போது போட்டால் பயன் குறையும். படகில் சாப்பிடும் நேரத்துக்கு அதை எடுத்துச் செல்லட்டும். தருவைகுளத்திலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்கள் முதல் மாதமாவது கரையில் இருக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் ஹெப்பாரின் நின்று மூன்று வாரம் வரைகூட இந்த நோய் தாமதித்து வெளிப்படுவதுண்டு. மறுபடி கால் சில்லிட்டால் கரை சேர நேரம் இருக்காது. சங்கு குளிப்பவர்கள் மருந்து சாப்பிடும் காலம் முழுவதும் தண்ணீருக்கடியில் போகக் கூடாது. காதிலும் நுரையீரலிலும் அழுத்தத்தால் வரும் சிறு காயம் இந்த மருந்தோடு சேர்ந்தால் நிற்காத ரத்தப்போக்காகும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், தேதி, தட்டணு இறங்கிய அளவு, ஆன்டிபாடி முடிவு நான்கும் இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்று நோயாளியின் பணப்பையில் இருக்க வேண்டும். ஆஞ்சியோவுக்கோ டயாலிசிஸுக்கோ போகும் முன் அதைக் காட்டினால் அங்கே சலைனோ பைவலிருடினோ வைத்துக்கொள்வார்கள். ஹெப்பாரின் என்றென்றைக்கும் விலக்கா என்று வால்வு நோயாளிகள் கேட்பார்கள், ஏனென்றால் திறந்த இதய அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு அதைவிடப் பழகிய மருந்து இல்லை. இந்த ஆன்டிபாடி பெரும்பாலோருக்குச் சுமார் 100 நாட்களில் மறைந்துவிடுகிறது, அதன் நினைவு உடலில் நெடுநாள் தங்குவதில்லை. அவசரமில்லாத அறுவையை அதுவரை தள்ளிவைத்து, ஆன்டிபாடி இல்லை என்று சோதனையில் தெரிந்தபின், அறுவை நடக்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் ஹெப்பாரின் கொடுக்கலாம். முன்னும் பின்னும் வேறு மருந்து. அறுவை முடிந்து வார்டுக்கு வந்தபின் கேனுலாவைக் கழுவக்கூட அது வேண்டாம். தட்டணுவை ஐந்தாம் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.